வவுனியா நகரின் மாணவர் உளவளத்துணை நிலையம்: ஒரு மதிப்பீடு

2021 ஆகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கிப் படிப்பதால், பரீட்சைக் காலப் பதற்றத்தை ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய வழியிலேயே சமாளிக்கிறார்கள். நகரிலுள்ள இந்த நிலையம் அதைப் புரிந்துகொண்டு நடப்பதே அதன் பெரும் பலம்.

முதற் சந்திப்பில் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் 1983இல் வெளியிட்ட உளநெருக்கீட்டு அளவுகோலின் பத்து வினா வடிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய அக்கேள்விகளுக்குரிய மொத்தப் புள்ளி 0 முதல் 40 வரை அமையும். ஆனால் உளவளத்துணையாளர் அந்தப் புள்ளியோடு நின்றுவிடுவதில்லை. தலையிடி, நித்திரையின்மை, நெஞ்சிறுக்கம் என்று உடல் உபாதையாகவே பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது, அவர் அவசரப்படுத்தாமல் அங்கிருந்தே கதையைத் தொடர்கிறார். போரில் உறவுகளை இழந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் அவர் காட்டும் பொறுமை என்னை நெகிழச் செய்தது. கோயில், விகாரை, தொழுகை, அம்மாவுடனான தொலைபேசிப் பேச்சு எதையும் அவர் குறைத்து மதிப்பிடுவதில்லை. சாய்ந்துகொள்ள ஆளிருப்பதும் மீண்டெழும் வலிமையின் ஒரு பகுதியே என்பது என் உறுதியான கருத்து.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடத்தில் உள்ளே பேசுவது கேட்கிறது. இது உடனே திருத்தப்பட வேண்டும். மாலை நான்கு மணிக்கே மூடுவதால், விரிவுரை முடிந்து பல்கலைக்கழக வளாகம் உள்ள பம்பைமடுவிலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்குப் பயனில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐயாவது வாசலில் ஒட்டிவைக்கலாம்.