பட்டிமன்றமா, டிவி விவாதமா?

இரண்டிலும் இரண்டு கட்சி, நடுவில் ஒருவர். ஆனால் கேட்டுவிட்டு எழும்போது மனசு ஒரே மாதிரி இருப்பதில்லை.

மதுரைப் பக்கம் எங்கள் ஊர் முளைப்பாரித் திருவிழாவில் நடந்த பட்டிமன்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிரணிப் பெண் பேசப் பேச, இந்தப் பக்கத்துக்காரர் தலைகுனிந்து சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். முறை வந்ததும், "அக்கா சொன்ன மூணாவது விஷயம் சரிதான், ஆனா..." என்றுதான் தொடங்கினார். மறுப்பதற்காகவாவது காதுகொடுத்துக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. இது நேற்று வந்த பழக்கமில்லை. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரின் மணிமேகலையில், பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கும் அதே விழா அறிவிப்பு, பகைவரிடமும் சண்டை போடாமல் விலகிப் போங்கள் என்கிறது.

டிவியில் ராத்திரியானால் நாலு கட்டத்தில் நாலு முகம். கேள்வி விலைவாசி பற்றி, பதில், "உங்க ஆட்சியில என்ன கிழிச்சீங்க?" கணக்கோடு வந்த பேராசிரியர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் விளம்பரம். அப்பா இப்போதெல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டு வாயசைவை மட்டும் பார்க்கிறார். எனக்கு அது வலிக்கிறது. தேர்தல் கூட்டம் என்றால் திலகர் திடலுக்குப் போய் நின்று கேட்ட மனிதர் அவர்.

டிவிக்கு ஒரு பலம் உண்டு: அதிகாரத்தில் இருப்பவரின் ஆளை எதிரே உட்காரவைத்து அன்றைக்கே கேட்கலாம். பட்டிமன்றமோ பெரும்பாலும் மாமியார் மருமகளோடு நின்றுவிடுகிறது.

என் ஓட்டு பட்டிமன்றத்துக்கே. வைகைத் தண்ணீரைத் தலைப்பாக வைக்கட்டும், அப்பாவை அழைத்துக்கொண்டு முதல் வரிசையில் பாய் விரிக்கிறேன்.