மதுரை வெயிலில் ஒரு ஹஸ்கி: சில வருஷ அனுபவம்

சைபீரியன் ஹஸ்கியை மதுரையில் வளர்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் வீட்டின் கரண்ட் பில், நாம் தூங்கி எழும் நேரம், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு யார் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதெல்லாம் அதற்கப்புறம் நாயின் கையில்தான். நீலக் கண்ணைப் பார்த்து மயங்கிக் குட்டிக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் யாராவது, விலையோடு மற்ற கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மிஷ்கா நாங்கள் தேடி வாங்கிய நாய் இல்லை. பெங்களூரில் வேலை பார்த்த மச்சினன் குட்டியிலிருந்து வளர்த்தது. அவனுக்கு வெளிநாட்டு வேலை அமைந்ததும், "மாமா, ஒரு ஆறு மாசம் மட்டும் வச்சிருங்க" என்று கொண்டுவந்து விட்டான். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை. எங்கள் வீடு ஒத்தக்கடை பக்கம், யானைமலை எதிரே தெரியும் இடத்தில். மலை அழகுதான். ஆனால் சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தப் பாறை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். நல்ல வேளையாக நாய் வந்து இறங்கியது மாசியில். கோடைக்கு முன் கொஞ்சம் பழகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

மிஷ்காவின் பாதிச் சேட்டைக்கு விளக்கம் அதன் பூர்வீகத்தில் இருக்கிறது. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுக்கோத்கா பகுதியில் வாழும் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வம்சம் இது. மைனஸ் முப்பது டிகிரியெல்லாம் அங்கே சாதாரணம். லேசான சுமையை, கொஞ்சமாகத் தின்று, வெகுதூரம் சளைக்காமல் இழுக்க வேண்டும்; அதற்கேற்ற உடம்பு. 1908-ல் வில்லியம் கூசாக் என்ற ரஷ்ய வியாபாரி இவற்றை அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டுபோனார். மறு வருஷம் 408 மைல் நாய்வண்டிப் பந்தயத்தில் இறங்கியபோது, உருவம் சின்னதாக இருக்கிறதே என்று 'சைபீரிய எலி' என்று கேலி செய்தார்களாம். 1910-ல் ஜான் ஜான்சன் ஓட்டிய சைபீரிய நாய்கள் அதே பந்தயத்தில் முதலாவதாக வந்தன.

1925-ல் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறக்குறைய 674 மைல் தூரத்தை இருபது நாய்வண்டிக்காரர்கள் தொடர் ஓட்டமாக ஓடி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோ என்ற நாய்க்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். ஆனால் உறைந்த கடல்மேல் ஆபத்தான, மிக நீளமான கட்டத்தைக் கடந்தது லியோன்ஹார்ட் செப்பாலா என்ற வண்டிக்காரரின் நாய் டோகோ. அதன் பெயர் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. 1930-ல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்க கென்னல் கிளப் ஹஸ்கியைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

சரி, ஒத்தக்கடைக்கு வருவோம். காவலுக்கு நாய் வேண்டும் என்றால் ஹஸ்கி வேண்டாம். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் அண்ணன், மீட்டர் ரீடிங் எடுக்க வருபவர், வழி தவறி வந்தவர், எல்லோருக்கும் ஒரே வரவேற்பு. எதிர்வீட்டுப் பெரியம்மா முதல் வாரமே சொல்லிவிட்டார்: "ஏப்பா, பாக்க ஓநா கணக்கா இருக்கு, திருடன் வந்தா பீரோ எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்துரும் போலயே!" பெரியம்மா சொன்னதில் தப்பில்லை. பார்க்கத்தான் மிரட்டல், பெண் நாய் 16 முதல் 23 கிலோ, ஆண் நாய் 27 கிலோ வரைதான். மற்றதெல்லாம் ரோமம்.

கண்ணைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மிஷ்காவுக்கு ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. "அந்தக் கண்ணு தெரியாதா?" என்று தெருப் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தேகம். நன்றாகவே தெரியும். ஹஸ்கியின் நீலக் கண்ணுக்கு ஏஎல்எக்ஸ்4 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இரட்டித்திருப்பதோடு தொடர்பு உண்டு என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள். பார்வைக்கு அதனால் குறையில்லை. கவலைப்பட வேண்டியது சின்ன வயதிலேயே வரக்கூடிய கண்புரைக்கு. அது எந்த நிறக் கண்ணிலும் வரலாம், இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. வருஷா வருஷம் ஊசி போடப் போகும்போது கண்ணையும் பார்க்கச் சொல்லிவிடுவோம்.

குரைப்பது அபூர்வம். ஊளையிடும், பேசும். சாப்பாடு தாமதமானால் அரை மணி நேரம் வாதாடும். ஆம்புலன்ஸ் போனால் கூடவே பாடும். மார்கழியில் விடிவதற்கு முன்னால் கோவில் ஒலிபெருக்கி ஆரம்பித்ததும் மிஷ்காவும் ஆரம்பித்துவிடும். பக்கத்து வீடுகளில் யாரும் சண்டைக்கு வரவில்லை என்பது அவர்கள் நல்ல மனசு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சொல்பேச்சு கேட்குமா? காதில் விழும், செய்வதா வேண்டாமா என்று அதுதான் முடிவெடுக்கும். அவிழ்த்துவிட்டால் கூப்பிட்டுத் திரும்பி வரும் என்று நம்பவே கூடாது. சுக்சி மக்கள் கோடையில் இவற்றை அவிழ்த்துவிட்டு விடுவார்களாம், தானே வேட்டையாடித் தின்றுகொள்ள. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஒருநாள் கேட் சரியாகச் சாத்தாத நேரம் வெளியே போய், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு நாட்டுக்கோழியைப் பிடித்துவிட்டது. அவர் சண்டை போடவில்லை. முட்டையிடும் கோழிக்கு என்ன விலையோ அதைச் சொன்னார், கொடுத்தோம். அப்புறம் காம்பவுண்டுச் சுவரை ஆறடிக்கு உயர்த்தினோம். ஓரமாகத் தோண்டிப் பார்த்ததால் அடியில் கருங்கல் பதித்தோம். பூனைகள் எங்கள் மதில் பக்கமே வருவதில்லை.

இனி வெயில். அக்னி நட்சத்திரம் நடக்கும் மே மாதத்தில் இங்கே 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அதுவும் சரியாக நடக்காது. அதனால் எங்களுக்கு வெறும் வெயிலைவிட, மழை வரப்போகும் புழுக்கமான சாயங்காலங்கள்தான் அதிக பயம்.

பங்குனி பிறந்ததிலிருந்து ஆவணி முடியும் வரை எங்கள் அட்டவணை மாறவே மாறாது. விடியற்காலை நாலரைக்கு நடை. வேளாண்மைக் கல்லூரிப் பக்கம், நரசிங்கம் போகும் வழி என்று மாற்றி மாற்றிப் போவோம். ஆறு மணிக்குள் வீடு. ராத்திரி நடை ஒன்பதுக்கு மேல், அதுவும் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடிந்தால்தான். பகல் பதினொன்றிலிருந்து ஐந்துவரை ஒரு ரூமில் ஏசி, 26 டிகிரியில். நல்ல இன்வெர்ட்டர் ஏசி ஆனாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் கோடையில் இரட்டிப்பாகிவிடும். இலவச யூனிட் எந்த மூலைக்கு?

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் நிஜமான கேள்வி. பேட்டரி இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் ஓடும். பின்கட்டில் பழைய சிவப்பு சிமெண்ட் தரை இருக்கிறது. அதில் தண்ணீர் தெளித்துவிட்டால் வயிறு படிய நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கொள்ளும். முதுகில் தண்ணீர் ஊற்றினால் மேல் ரோமத்தில் வழிந்து போய்விடும், தோலுக்கு எட்டாது. வயிறு, தொடை இடுக்கு, பாதம், இங்கேதான் நனைக்க வேண்டும்.

நாயின் சாதாரண உடம்புச் சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. ஈறு ரத்தச் சிவப்பாகி, எச்சில் கொழகொழவென்று வடிந்து, நடை தள்ளாடினால், ஆட்டோ தேடுவதற்கு முன் தண்ணீரை ஊற்றி ஃபேனைப் போட்டுவிட்டு, பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கும்.

வெயில் என்றதும் எல்லோரும் சொல்லும் யோசனை மொட்டை. செல்லப்பிராணிச் சாமான் விற்கும் ஒரு கடையில் சிகிச்சை போலவே சிபாரிசு செய்தார்கள். செய்யவே கூடாது. ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம்: வெளியே நீளமான முடி, உள்ளே மெத்தென்ற அடிரோமம். வெளி அடுக்கு வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காக்கிறது. மழித்துவிட்டால் தோல் வெந்துபோகும். ஸ்பிட்ஸ் என்று சொல்லும் இந்த அடர்ரோமக் குளிர்நாட்டு வகை நாய்களில் மழித்த முடி சில சமயம் சரியாகத் திரும்ப முளைப்பதே இல்லை. எடுக்க வேண்டியது உதிர்ந்து உள்ளே சிக்கிய அடிரோமத்தை மட்டும். அதற்கு நீளப் பல் வைத்த சீப்பு கிடைக்கிறது. வருஷத்தில் இரண்டு முறை மொத்தமாக உதிர்க்கும். அந்த வாரங்களில் வீட்டுக்குள் இலவங்காய் வெடித்த மாதிரி இருக்கும். மற்ற மாதங்களில் உதிராது என்று நினைக்க வேண்டாம். கருப்புப் பேண்ட் போடுவதை நான் விட்டுவிட்டேன். குழம்பில் முடி கிடந்தால் யாரும் இப்போது கேள்வி கேட்பதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் நாய் நாற்றம் இல்லை. மாதம் ஒரு குளியல் போதும். ஆனால் அடிவரை காய வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் தங்கிவிட்டால் தோலில் புண் வந்துவிடும். அதற்கென்றே புளோயர் வாங்கினோம்.

வெயிலுக்கு அடுத்த எதிரி உண்ணி. இவ்வளவு அடர்த்தியான ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாது. விரல் இடுக்கு, காது மடல் என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் மிஷ்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஈறு வெளுத்திருந்தது, ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நாலு வாரம். பிழைத்துக்கொண்டது, ஆனால் பழைய துள்ளல் வர இன்னும் சில வாரம் ஆனது. அதிலிருந்து உண்ணிக்கான மாத்திரையை நாள் தவறாமல் கொடுக்கிறோம்.

சாப்பாட்டில் செலவு குறைவு. உருவத்துக்குப் பாதிதான் தின்னும், கோடையில் அதிலும் பாதி. நாய்த் தீவனத்தோடு வேகவைத்த கோழி, முட்டை, முள் எடுத்த மத்தி மீன். வெந்த எலும்பு, வெங்காயம், பூண்டு, திராட்சை கிடையாது. அதனால் எங்கள் வீட்டு மிச்சக் குழம்பு எதுவும் அதற்குப் போகாது.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்த ஊர் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் வந்தது. செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மலமுட் ஆகியவற்றோடு ஹஸ்கியும் அதில் இருக்கிறது. ஹஸ்கி வளர்ப்பவன் என்ற முறையில் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை. இங்கிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினால் இரண்டு, மூன்று மணி நேரம்தான்.

இன்றும் நடையின்போது பைக்கை நிறுத்தி, "அண்ணே, எங்ககிட்ட ஆண் நாய் இருக்கு, சேத்து விடலாமா? குட்டி நல்ல விலை போகும்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஷ்காவுக்குக் கருத்தடை ஆபரேஷன் எப்போதோ முடிந்துவிட்டது.