மூன்று கார், மூன்று பெயர்: எந்த இன்சூரன்ஸ் கட்டுப்படியாகும்?

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். வாசலில் மூன்று கார் நிற்கும். அப்பா பெயரில் 2013 ஆல்டோ, அண்ணன் பெயரில் 2018 இன்னோவா கிரிஸ்டா, என் மனைவி பெயரில் 2022 ஸ்விஃப்ட். மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று, நவம்பரில் ஒன்று என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டே இருப்போம். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன், "ஒரே வீடுதானே, எல்லாத்தையும் ஒரே பாலிசியில போட்டா தள்ளுபடி தருவாங்களே" என்றான். அங்கே தருவார்கள். இங்கே எது கட்டுப்படியாகும் என்று வண்டி வண்டியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

முதலில், பேரமே பேச முடியாத பகுதி. தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பு. அதன் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஆல்டோ, ஸ்விஃப்ட், இன்னோவா மூன்றுக்கும் சேர்த்து 13,407. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 15,820. எந்தக் கம்பெனிக்குப் போனாலும், எந்த ஏஜென்டிடம் கேட்டாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது. போட்டியெல்லாம் மீதிப் பகுதியில்தான்: நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியம், ஆட்-ஆன்கள் எனும் கூடுதல் காப்புகள், விபத்துக் காப்பு. விளம்பரத்தில் "80 சதவீதம் வரை தள்ளுபடி" என்று பார்த்தால் அது ஓ.டி.-யில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, லண்டன் யோசனைக்கு வருவோம். பல வண்டிகளுக்கு ஒரே காப்பு தரும் ஃப்ளோட்டர் முறையை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் இங்கேயும் அனுமதித்தது. ஆனால் அது ஒரே வீட்டு வண்டிகளுக்கு அல்ல, ஒரே உரிமையாளரின் வண்டிகளுக்கு. ஆர்.சி.-யில் எல்லாம் ஒரே பெயராக இருக்க வேண்டும். கார், பைக் இரண்டும் ஒரே பெயரில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி: ஒரே தேதி, ஒரே கம்பெனி, மறதிக்கு இடமில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வண்டிக்குக் கிளெய்ம் போட்டால் மற்ற வண்டிகளின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்காக ஓ.டி. பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எங்களைப் போல ஆளுக்கொரு பெயரில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. "அப்படியானால் எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாமே" என்று நாங்களும் யோசித்தோம். வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் போனஸ். அது வண்டியோடு போகாது, ஆளோடு இருக்கும். ஆல்டோவை அண்ணன் பெயருக்கு மாற்றினால் அப்பா சேர்த்து வைத்த 50 சதவீதம் அப்பாவிடமே தங்கிவிடும், அண்ணன் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். உரிமையாளர் இறந்து, வண்டி கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரிடம் வரும்போது மட்டும்தான் அந்தப் போனஸும் கூட வரும். அப்போதும் மூன்று மாதத்துக்குள் பாலிசியைப் பெயர் மாற்றிவிட வேண்டும்.

அடுத்து எல்லோரும் சொல்லும் யோசனை: பழைய வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும், புது வண்டிக்கு ஃபுல் கவர். எங்கள் ஏஜென்டும் அதைத்தான் சொன்னார்: "சார், ஆல்டோ பத்து வருஷம் தாண்டிருச்சு. ஃபுல் கவர் எதுக்கு?" நியாயமாகத்தான் பட்டது, கணக்குப் போடும் வரை.

ஓ.டி. பிரீமியத்துக்கான கட்டுப்பாடு 2007-இல் நீங்கிவிட்டது. ஆனாலும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த பழைய தாரிஃப் எனும் கட்டணப் பட்டியலின் விகிதத்திலிருந்துதான் இன்றைக்கும் கணக்குத் தொடங்குகிறது. சென்னைப் பதிவு, பத்து வயதுக்கு மேல், 1000 சிசி-க்குள் என்றால் 3.362 சதவீதம். இது ஐ.டி.வி.-யில், அதாவது வண்டி திருடுபோனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகையில். ஆல்டோவின் ஐ.டி.வி. ஒன்றேகால் லட்சம் என்று வைத்தால் 4,202 ரூபாய். கம்பெனி பாதி தள்ளுபடி கொடுத்தால் 2,101. அப்பாவின் 50 சதவீதப் போனஸ் போக 1,050. ஜி.எஸ்.டி.-யோடு 1,240. ஆக, ஃபுல் கவரை விட்டுவிட்டால் மிச்சமாவது மாதம் நூறு ரூபாய் சொச்சம். கம்பெனி தள்ளுபடியே தரவில்லை என்றாலும் வருடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டாது.

அந்த நூறு ரூபாய்க்கு எதை விடுகிறோம்? திருட்டு, தீ, வெள்ளம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களைக் காப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் நம் காரில் வரும் நம் வீட்டு ஆட்கள் மூன்றாம் தரப்பு அல்ல. ஃபுல் கவர் எனும் பேக்கேஜ் பாலிசியில் அவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2009-இலேயே ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. எங்கள் வீட்டில் அந்த ஆல்டோவில்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறார், பிள்ளைகள் பாட்டு வகுப்புக்குப் போகிறார்கள். வீட்டின் பழைய கார்தான் பெரும்பாலும் குழந்தைகளும் வயதானவர்களும் ஏறும் கார். அதிலேயே இந்தக் காப்பை வெட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால் ஆல்டோவுக்குப் பேக்கேஜ் பாலிசி, ஆட்-ஆன் எதுவும் இல்லாமல். யாராவது தேர்டு பார்ட்டிதான் எடுப்பேன் என்றால், பயணிகளுக்கான தனி விபத்துக் காப்பையாவது சேர்க்கச் சொல்லுங்கள். பழைய தாரிஃப்படி ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு 50 ரூபாய்தான்.

ஓட்டிய தூரத்துக்கு ஏற்பக் கட்டும் திட்டத்தை இதற்கு எதிரில் வைத்துப் பார்ப்போம். அதுவும் 2022-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்ததுதான். சும்மா நிற்கிற வண்டிக்கு ஏற்றது என்பதால் முதலில் ஆல்டோவுக்குத்தான் கேட்டோம். ஆனால் சலுகை ஓ.டி.-யில்தான் கிடைக்கும், தேர்டு பார்ட்டியில் இல்லை. ஆயிரம் ரூபாய் ஓ.டி.-யில் 20 சதவீதம் குறைந்தால் இருநூறு ரூபாய். இந்தத் திட்டம் சும்மா நிற்கும் விலை உயர்ந்த வண்டிக்குத்தான் உதவும். அண்ணன் வேலைக்கு மெட்ரோவில் போகிறார், இன்னோவா ஊருக்குப் போகும்போதுதான் வெளியே வருகிறது. அதில் கேட்டபோது பிரீமியம் குறைவது நன்றாகவே தெரிந்தது. கிலோமீட்டர் வரம்பு தாண்டினால் ரீசார்ஜ் செய்யலாமா, தாண்டிய பிறகு விபத்து நடந்தால் எவ்வளவு வெட்டுவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தீபாவளி, பொங்கல், குலதெய்வம் கோயில் என்று மூன்று தடவை ஊருக்குப் போனாலே எங்கள் கணக்கு எகிறிவிடும். அதனால் பெரிய வரம்பாகவே எடுத்தோம்.

இன்னோவா என்றால் 2023 டிசம்பரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் நின்ற வண்டிக்குள் சீட் வரை தண்ணீர். வடிந்த மறுநாள் காலை, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்று அண்ணன் உட்கார்ந்தார். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து, இன்ஜின் எண்ணெயைப் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினார். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. வெள்ளத்தால் நனைந்த சீட், கார்ப்பெட், ஒயரிங் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. இன்ஜினுக்கு வரவில்லை. தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுழற்றியதால் வந்த சேதம், வெள்ளச் சேதம் அல்ல என்பது அவர்கள் வாதம். சாதாரண பாலிசியின் வாசகப்படி அது செல்லும். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்திருக்க வேண்டும். அதை அந்த வருடம் வேண்டாம் என்று விட்டு மிச்சம் பிடித்தது இரண்டாயிரத்துச் சொச்சம். இன்ஜின் வேலைக்கு ஆன செலவு கிட்டத்தட்ட இரண்டு லட்சம். சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் கிளெய்ம் வாங்கியதால் போனஸும் போய்விட்டது. 2024-இல் பூஜ்யம், அடுத்த வருடம் 20, பிறகு 25, 35, 45. மறுபடி 50-ஐத் தொட 2029 ஆகும்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு உள்ளவர்கள் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் இந்த ஒரு ஆட்-ஆனை விட வேண்டாம். ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் தரத் தயங்கும். தரும் கம்பெனி சற்று விலை கூடுதலாக இருந்தாலும் நாங்கள் இப்போது அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோவது அதற்கும் முந்தைய பாதுகாப்பு.

ஸ்விஃப்ட் விஷயம் சின்னது. புதுக் காருக்கு 2018 செப்டம்பர் முதல் மூன்று வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம் என்பதால் ஷோரூமிலேயே அது சேர்ந்து வந்தது, 2025 ஜூனில் முடிந்தது. இடைப்பட்ட வருடங்களில் ஓ.டி.-யை மட்டும் வேறு கம்பெனியில் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாங்கள் இரண்டாம் வருடமே மாறினோம். ஸ்விஃப்டுக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானத்தைக் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் ஆட்-ஆன்), அதாவது ஒர்க்ஷாப்பில் பம்பர் டு பம்பர் என்பார்களே, அது அவசியம் என்று நினைக்கிறேன். அது இல்லாமல் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் கிடைக்கும். 4,000 ரூபாய் பம்பர் என்றால் 2,000. அதில் கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கைக்கு 1,000. அந்த ஆயிரத்துக்காகக் கிளெய்ம் போட்டால் அடுத்த வருடப் போனஸ் மொத்தமும் போகும். அதனால் மூன்று வண்டிக்கும் ஒரே வழக்கம் வைத்திருக்கிறோம்: ஐயாயிரத்துக்குள் உள்ள கீறல், நெளிசலைக் கைக்காசில் பார்த்துக்கொள்வது.

கண்ணுக்குத் தெரியாமல் பணம் போய்க்கொண்டிருந்த இடம் விபத்துக் காப்பு. உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்சத்துக்கான காப்பு கட்டாயம். ஆனால் அது வண்டிக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு ஒன்று. அண்ணனிடம் இன்னோவாவோடு ஒரு பைக், மனைவியிடம் ஸ்விஃப்டோடு ஒரு ஸ்கூட்டர். இரண்டு பேரும் இரண்டிரண்டு தடவை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் லைசென்ஸ் காலாவதியாகி வருடங்கள் ஆகின்றன. லைசென்ஸ் இல்லாதவருக்கு இந்தக் காப்பே தேவையில்லை, இருந்தாலும் பயனில்லை. அவர் பாலிசியிலும் வருடாவருடம் சேர்த்திருந்தார்கள். ஐந்து தடவை கட்டியது இப்போது இரண்டாகிவிட்டது. ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்தான், ஆனால் எந்தக் காப்பையும் இழக்காமல் கிடைத்த சேமிப்பு இது ஒன்றுதான்.

குறைப்பதாகச் சொல்லிக் காப்பை வெட்டும் வழிகளும் உண்டு. அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான 7.5 லட்சம் வரம்பை 6,000 ஆகச் சுருக்கினால் 100 ரூபாய் குறையும். அதைச் செய்யவே கூடாது. ஐ.டி.வி.-யைக் குறைத்துக் காட்டும் மலிவு கொட்டேஷனும் அப்படித்தான். இன்னோவாவுக்கு 12 லட்சத்தை 10 லட்சமாக்கினால், 60 சதவீதக் கம்பெனித் தள்ளுபடியும் 25 சதவீதப் போனஸும் போகப் பிரீமியத்தில் குறைவது 2,167 ரூபாய். வண்டி திருடுபோனால் குறைவது இரண்டு லட்சம்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. அரசுக் கம்பெனிகள் நான்கு, சென்னையிலேயே தலைமையகம் வைத்திருக்கும் சோழமண்டலம் எம்.எஸ்., ராயல் சுந்தரம் போன்ற தனியார், இணையத்தில் நேரடியாக விற்பவர்கள் என்று எல்லோரிடமும் கேட்கலாம். ஒரே ஐ.டி.வி., ஒரே ஆட்-ஆன் என்று எழுதிக் கொடுத்து ஒரே நாளில் கேட்டால்தான் ஒப்பிட முடியும். உங்கள் ஒர்க்ஷாப்பில் அவர்களுக்குக் கேஷ்லெஸ் (கம்பெனியே நேரடியாக ஒர்க்ஷாப்புக்குப் பணம் கட்டும் வசதி) உண்டா என்பதையும் கேளுங்கள். எங்களில் ஆல்டோவும் ஸ்விஃப்டும் நேரடியாக. இன்னோவாவுக்கு மட்டும் ஏஜென்ட், வெள்ளத்தின்போது முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சர்வேயருக்காக எங்களோடு காத்திருந்தவர் என்பதால்.

மூன்று தேதிகளும் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கின்றன. கெடு முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் மொத்தமும் போய்விடும். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பே கொட்டேஷன் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். அடுத்தது நவம்பர், அப்பாவின் ஆல்டோ.