சொரியாசிஸுக்கு வைட்டமின் டி: மாத்திரையா, களிம்பா, வெளிச்சமா?

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்ததும், தோல் செதிலாக உதிரும் சொரியாசிஸுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை போட்டால் செதில் உதிர்வது நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒன்றுமில்லாததிலிருந்து வந்ததல்ல. 1985-இல் ஜப்பானில், எலும்புத் தேய்மானத்துக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்குச் சொரியாசிஸும் சேர்ந்து மறைந்தது.

ஆனால் ஒருவருக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்குமா? நார்வேயில், வெயிலே எட்டிப் பார்க்காத டிரோம்சோவில், குளிர்காலத்தில் இதைச் சோதித்தார்கள். டி அளவு குறைவாக இருந்த சொரியாசிஸ் நோயாளிகளையே எடுத்து, நான்கு மாதம் சிலருக்கு வைட்டமின் டி, சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. ரத்தத்தில் டி ஏறியது, படை மட்டும் வெற்று மாத்திரைக்காரர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. குறைபாடு இருந்தால் எலும்புக்காக மாத்திரை வேண்டும், சரி. படை போகவில்லையே என்று நாமே அளவைக் கூட்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

களிம்பின் கதை வேறு. சாதாரணமாகத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே நடந்து, செதில் செதிலாகக் குவிகிறது. வைட்டமின் டி-யைப் போலவே செய்யப்பட்ட கால்சிபோட்ரியால், அந்த இடத்திலேயே செல்களின் அவசரத்தைக் குறைக்கிறது. முழங்கை, முழங்கால் என்று சில இடங்களில் மட்டும் படை இருப்பவருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பு இன்னும் வேகம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 100 கிராம்தான் உச்சவரம்பு. இன்னொன்று, சாலிசிலிக் அமிலக் களிம்பை இதன் மேலேயே பூசினால் மருந்து செயலிழந்துவிடும். இதைப் பலருக்கு யாருமே சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

முதுகு, வயிறு என்று உடம்பெல்லாம் பரவியிருந்தால் களிம்பு பூசி மாளாது. அப்போது 311 நானோமீட்டர் புறஊதா ஒளி சிகிச்சைதான் கைகொடுக்கும். வாரம் இரண்டு மூன்று முறை, சில மாதங்கள் மருத்துவமனைக்கு அலைய வேண்டும். அதில் டி அளவும் ஏறும், ஆனால் தோலின் நோய் எதிர்ப்புச் செல்களை ஒளி அடக்குவதால்தான் படை அடங்குகிறது. மொட்டை மாடி உச்சிவெயில் இதற்கு மாற்றாகாது. தோல் வெந்துபோன இடத்திலேயே புதுப் படை கிளம்பலாம்.

ஒளியும் களிம்பும் இரண்டுமே நடந்தால், களிம்பை ஒளி சிகிச்சை முடிந்த பிறகே பூசுங்கள். புறஊதா ஒளி பட்டால் கால்சிபோட்ரியால் சிதைந்துவிடும்.