கவிதைக்குப் புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்: பாரதியின் வசன கவிதை

கவிதை வாசிக்கத் தொடங்க விரும்புவதாக யாராவது சொன்னால், நான் தயங்காமல் எடுத்துக் கொடுப்பது பாரதியாரின் வசன கவிதைப் பகுதியை, அதாவது யாப்புக்குக் கட்டுப்படாமல் உரைநடையில் அவர் எழுதிய கவிதைகளைத்தான். மனப்பாடச் செய்யுளாகப் பள்ளியில் பழகிய பாரதியை எதற்கு மறுபடியும் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள்கூட, 'காற்று' என்ற பகுதியின் முதல் பக்கத்தைத் தாண்டியதும் அந்தக் கேள்வியை மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இருப்பது மாடியில் போட்ட ஓர் ஓலைப் பந்தலும், அதன் மூங்கில் கழியில் மிச்சமாகத் தொங்கும் கயிறும்தான். ஒன்று ஒரு சாண், பக்கத்தில் இன்னொன்று முக்கால் சாண். பெரியது கந்தன், சிறியது வள்ளியம்மை, இருவரும் கணவன் மனைவி. காற்றில் அவை ஆடுவதைக் காதல் விளையாட்டாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படித்து வருகிறோம். சற்று நேரத்தில் வள்ளியம்மை அசையாமல் கிடக்கிறது. உறங்குகிறதோ என்று கேட்டால், இறந்துவிட்டது என்று காற்றுத் தேவனே வந்து பதில் சொல்கிறான். அகராதியோ யாப்பிலக்கணமோ இல்லாமல், உயிர் என்றால் என்ன என்ற கேள்வியின் முன் ஒரு சாண் கயிறு நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. முதல் வாசிப்பிலேயே கையில் ஏதேனும் கிடைக்க வேண்டும், மறுபடி வரும்போது அது இன்னும் பெரிதாகியிருக்க வேண்டும். புதியவருக்கு உகந்த கவிஞர் என்று நான் சொல்வது இந்த இரண்டையும் தருபவரைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. இடையிடையே வரும் வடமொழித் துதிகள் புதியவரைத் தடுக்கும். அவற்றை முதல் முறை தாண்டிச் செல்வதில் தவறே இல்லை. நான் முதலில் வாங்கிய பதிப்பு பத்திகளையெல்லாம் நெருக்கி அச்சிட்டிருந்ததால், மூச்சு விடும் இடமே தெரியாமல் திணறினேன். கவிஞர் விட்ட இடைவெளிகளை மதித்து அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து எடுப்பது நல்லது.

அடுத்ததாக நவீனத் தமிழ்க் கவிஞர் ஆத்மாநாமைப் (1951–1984) படிக்கலாம். அன்றாடப் பேச்சுக்கு மிக அருகிலுள்ள மொழி அவருடையது. அந்தத் தெளிவுக்குள் இருக்கும் பதற்றம் மெல்லத்தான் புலப்படும். ஓசை நயத்தை விரும்புபவருக்கு ஞானக்கூத்தன் இன்னும் பொருத்தமானவர்.

குறுந்தொகையை மட்டும் உரையோடுதான் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும் பாடல்கள் என்பதால் நீளம் அச்சுறுத்தாது. ஆனால் மொழி ஈராயிரம் ஆண்டுத் தொலைவில் நிற்கிறது. 1937இல் உ.வே.சாமிநாதையர் தம் உரையுடன் வெளியிட்ட பதிப்பு இதற்கு உற்ற துணை. செம்மண்ணில் பெய்த மழைநீர் போல இரு நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் ஐந்தடிப் பாடலை முதலில் உரையில் படித்துப் பொருளை அறிந்துகொண்டு, பிறகு மூலத்தை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்தால், சொற்கள் தாமாகவே பிடிகொடுக்கும். நாளுக்கு ஒரு பாடல் போதும்.

நவீனக் கவிஞர் பிரமிளை நான் மிகவும் நேசிக்கிறேன். இருந்தும் அவருடைய செறிவான படிமங்களை ஓராண்டு கழித்துத் திறக்கும்படிதான் புதியவரிடம் சொல்லி வருகிறேன்.