மொட்டை மாடியில் எத்தனை கிலோவாட்? மூன்று வீட்டு கரண்ட் பில்லை வைத்து ஒரு கணக்கு

சோலார் போடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது? முக்கால்வாசிப் பேருக்கு ரூபாய் தெரியும், யூனிட் தெரியாது. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு முழுக்க யூனிட்டில்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்திலேயே மூன்று ரகம் உண்டு. ஊரில் அம்மா வீடு, 300 யூனிட். எங்கள் வீடு, 600. சென்னையில் அக்கா வீடு, இரண்டு ஏசியோடு 1,000. மூன்று பேருக்கும் ஒரே சோலார் கம்பெனிக்காரர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "3 கிலோவாட் போட்டுடுங்க சார், மானியம் 78,000 வந்துடும்."

முதலில் கட்டணப் படிகள். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை பறிபோகும். 101-வது யூனிட்டிலிருந்தே 4.70. மேலே ஏற ஏற 8.40, 9.45, 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்! ரீடிங் எடுக்க ஆள் இரண்டு நாள் தாமதமாக வந்தால் வீட்டில் ஏன் சண்டை வருகிறது என்பது இப்போது புரியும்.

இனி பேனல். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் குறையும், பங்குனியில் கூடும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். பகலில் நாம் எடுத்தது போக மிச்சம் லைனுக்குப் போகும், இரவில் லைனிலிருந்து எடுப்போம், நெட் மீட்டர் இரண்டையும் கழித்துக் காட்டும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 மானியம். உள்நாட்டில் செய்த செல் கொண்ட டிசிஆர் பேனலாக இருந்தால்தான் அது கிடைக்கும். எனக்கு வந்த கொட்டேஷன்களை உருட்டிப் பார்த்தால், மானியம் போக நம் கையிலிருந்து இறங்குவது 1 கிலோவாட்டுக்கு 45,000, இரண்டுக்கு 80,000, மூன்றுக்கு 1,22,000.

அக்கா வீட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். 1,000 யூனிட்டுக்கு அவள் கட்டுவது 6,870. 3 கிலோவாட் 720 யூனிட்டைக் கழித்தால் மிச்சம் 280; பில் 611. வருடத்துக்கு 37,500 ரூபாய் மிச்சம். மூன்றேகால் வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். எந்த வங்கியும் இந்த வட்டி தராது.

(மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி சர்வீஸ் இருந்தால் 500, 500 என்று பிரிந்து 3,610-லேயே முடியும், பேனலே தேவையில்லை என்று அத்தான் வாதாடினார். கணக்கு சரிதான். ஆனால் மாடியில் தனிக் குடித்தனம் இருக்க வேண்டும். அவர் மாடியில் இருப்பது துணி காயப்போடும் கொடி மட்டும்.)

அம்மா வீடு நேர் எதிர். 300 யூனிட்டுக்கு 705 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம், வருடத்துக்கு 4,230 மிச்சம், காசு திரும்பப் பத்தரை வருடம். அதே 45,000-ஐ 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருடத்துக்கு 3,150 வரும், அசலும் அப்படியே இருக்கும். அம்மாவுக்கு சோலார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரசு தரும் சலுகையே அவர் பில்லைத் தின்றுவிட்டது. பேனல் தின்ன மிச்சமில்லை.

சுவாரசியம் நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில்தான். 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாய். முதல் கிலோவாட் 360 யூனிட்டுக்கு இறக்கும், பில் 987. ஒவ்வொரு பில்லிலும் 1,893 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட் 120 யூனிட்டுக்கு இறக்கும், பில் 47. அது சம்பாதித்தது 940. மூன்றாவது கிலோவாட் சம்பாதிப்பது அந்த 47 ரூபாய் மட்டும். ஒரே வெயில், ஒரே பேனல், ஆனால் மூன்றுக்கும் கூலி 1,893, 940, 47. முதலாவது 8.40-ஐயும் 6.30-ஐயும் கழிக்கிறது, மூன்றாவது ஏற்கெனவே இலவசமாக இருந்த யூனிட்டைக் கழிக்கிறது. 3 கிலோவாட் போட்டால் காசு திரும்ப ஏழு வருடம், ஒன்று மட்டும் போட்டால் நான்கு. "1 கிலோவாட்டா?" என்று கம்பெனிக்காரர் முகம் சுளித்தார். ஸ்ட்ரக்சர், வயரிங், ஆள் கூலி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், அவருக்குக் கட்டுப்படியாகாது. அது அவர் பாடு.

இதற்குள் இன்னொரு போட்டியாளன் புகுந்தான்: கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், இது 30 வாட். நான்கு விசிறி, நாளைக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 130 யூனிட் குறையும். 600 என்பது 470 ஆகும், 500 சுவருக்கு இந்தப் பக்கம். பில் 1,616. செலவு 12,000, வருடத்துக்கு 7,500-க்கு மேல் மிச்சம், காசு ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல் திரும்பிவிடும். ஆனால் விசிறியை மாற்றிய பிறகு அதே 1 கிலோவாட் பேனல் மிச்சப்படுத்துவது பில்லுக்கு 1,240 மட்டும். நான்கு வருடம் ஆறாகிறது. மலிவான வழி முதலில் போனால் விலையுயர்ந்த வழிக்கு வேலை குறைகிறது. சோலார் விளம்பரம் எதிலும் விசிறியைப் பற்றி ஒரு வரி வராததில் ஆச்சரியமில்லை.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 5 கிலோவாட் மணி (5 யூனிட்) லித்தியம் பேட்டரியும், பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் என்றால் எனக்குச் சொன்ன விலை ஒன்றரை லட்சம் கூடுதல். பில்லில் அது மிச்சப்படுத்துவது ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஏனென்றால் நெட் மீட்டர் இருக்கும்வரை லைன்தான் நம் பேட்டரி. ஒன்று மட்டும் பலருக்குத் தெரிவதில்லை: சாதாரண சோலார் வைத்த வீட்டில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் வீட்டிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நண்பர் வீட்டில் உச்சி வெயிலில், தலைக்கு மேல் ஆறு பேனல் இருக்க, நாளிதழால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பழைய டியூபுலர் பேட்டரி இன்வெர்ட்டரே போதும்.

விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா? அவசரப்பட்டவர் கதை நம்மிடமே இருக்கிறது. 2015-இல் கமுதி சூரிய மின்நிலையத்துக்கு நம் மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 25 வருடத்துக்கு. இரண்டே வருடத்தில், 2017 மே மாதம், ராஜஸ்தானின் பத்லா சோலார் பூங்கா ஏலத்தில் யூனிட் விலை 2.44-க்கு வந்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணக்கு வேறு. அக்கா ஒரு வருடம் காத்திருந்தால் 37,500 போகும்; பேனல் விலை அந்த அளவு இறங்காது. நெட் மீட்டரும் நிரந்தரமில்லை. 10.50 கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக மாடியேறிவிட்டால், கீழ்ப்படிகளில் மலிவாகத் தரும் யூனிட்டின் சுமையை வாரியம் யார் தலையில் வைக்கும்? பகலில் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டை நம்மிடம் வாங்கிக்கொண்டு, மாலை ஏழு மணிக்கு அதே விலைக்குத் திருப்பித் தருவது அவர்களுக்கு நஷ்டம். கடைகளுக்கு ஏற்கெனவே இந்த நெட் மீட்டர் வசதி இல்லை. வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலைதான்.

அக்கா போன மாதம் போட்டுவிட்டாள். போர் தண்ணீரில் கழுவி, பேனல் முழுக்க வெள்ளை உப்புப் படிந்து, இப்போது துடைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் நான்கு விசிறி வாங்கி மாட்டியாயிற்று. 1 கிலோவாட் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு மணிக்கு மேல் எங்கள் மாடியில் நிழல் போடுகிறது, மட்டையை வெட்டச் சொல்லிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.