பயணிகள் விமானத்தில் ஆயுதக் காவலர்: நான்கு விதிமுறைகள், ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் இரவுப் பேருந்து ஏறி விடியற்காலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் பயணி சென்னைக்குப் போனாலும், தோகாவுக்கு வேலைக்குப் போனாலும், பராமரிப்புப் பணிக்காக டெல் அவிவ் போனாலும், புறப்படும் இடத்தில் அவர் கடக்கும் சோதனை ஏறத்தாழ ஒன்றுதான். பை கதிர்ப்படப் பெட்டியினூடாகப் போகும். இடுப்புப் பட்டியைக் கழற்ற வேண்டும். தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட வேண்டும். விமானக் கதவு மூடப்பட்ட பின்னரே வேறுபாடு தொடங்குகிறது. முன்வரிசையில் சாதாரண உடையில் அமர்ந்திருப்பவரின் சட்டைக்கடியில் கைத்துப்பாக்கி இருக்கலாமா, இருந்தால் அதை அவர் யாருடைய கட்டளையின் பேரில் எடுக்கலாம் என்ற கேள்விகளுக்கு நாடுகள் ஒன்றோடொன்று முரண்படும் விடைகளை வைத்திருக்கின்றன.

முரண்பாடுகளுக்கு அடியில் பொதுவான அத்திவாரம் ஒன்று உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1974ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட, சிக்காகோ சமவாயத்தின் விமானப் பாதுகாப்பு பற்றிய பதினேழாவது பின்னிணைப்பு இன்றைய வடிவில் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. விமானத்துள் பணியாற்றும் ஆயுதக் காவலர் விசேடமாகத் தெரிவு செய்யப்பட்டுப் பயிற்சி பெற்ற அரசாங்க உத்தியோகத்தராக இருக்க வேண்டும். அவரை ஏற்றுவதற்குச் சம்பந்தப்பட்ட நாடுகள் தம்முள் இணங்க வேண்டும். ஆயுதம் தாங்கியோர் எத்தனை பேர், எந்த ஆசனங்களில் இருக்கிறார்கள் என்பது தலைமை விமானிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். விமான நிறுவனம் கூலிக்கு அமர்த்தும் தனியார் காவலருக்கு இதில் இடமில்லை என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

முதலாவது வழி இஸ்ரேலுடையது. 1968 ஜூலையில் ரோமிலிருந்து டெல் அவிவ் நோக்கிப் பறந்த, இஸ்ரேலின் தேசிய விமான நிறுவனமான எல் அல்லின் விமானம் அல்ஜீரியாவுக்குக் கடத்தப்பட்ட பின்னர், இஸ்ரேல் தன் விமானங்களில் ஆயுதக் காவலரை நிரந்தரமாக அமர்த்தியது. 1970 செப்டெம்பர் 6ஆம் திகதி ஒரே நாளில் பல விமானங்கள் குறிவைக்கப்பட்டபோது எல் அல் விமானத்தில் நடந்த முயற்சி மட்டும் முறியடிக்கப்பட்டது. இந்த வெற்றியைத் துப்பாக்கியின் வெற்றி என்று மட்டும் சொல்வது சரியன்று. தலைமை விமானி விமானத்தைத் திடீரெனக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கடத்தல்காரரை நிலைகுலையச் செய்தார். அந்தக் கணத்தைக் காவலர் பயன்படுத்திக்கொண்டார். விமானியும் காவலரும் ஒருங்கே செயற்பட்டதே அங்கு பலித்தது. விமானங்களின் எண்ணிக்கை குறைவாகவும், அச்சுறுத்தல் இடையறாததாகவும், செலவைச் சுமக்க அரசு ஆயத்தமாகவும் இருக்கும் நாட்டுக்கே இந்த முறை கைகூடும்.

இரண்டாவது வழி, தெரிந்தெடுத்த சில விமானங்களில் மட்டும் யாருக்கும் தெரியாமல் காவலரை ஏற்றுவது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகள் இவ்வழியில் செல்கின்றன. 1999 டிசெம்பரில் காத்மண்டுவிலிருந்து புறப்பட்ட இந்தியன் எயார்லைன்ஸ் விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டதன் விளைவாக, இந்தியா தன் தேசியப் பாதுகாப்புப் படையினரை இப்பணிக்கு அமர்த்தியது. அமெரிக்க விதிகள் மிக நுணுக்கமானவை. பணியிலுள்ள காவலரை விமான நிறுவனம் கட்டணமின்றி, ஏனையோருக்கு முன்னுரிமையாக ஏற்ற வேண்டும். அவர் கேட்கும் ஆசனத்தையே கொடுக்க வேண்டும். அந்த ஆசனம் வேறொரு பொலிஸ் உத்தியோகத்தருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அதைக் காவலருக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு அலுவலாக ஆயுதத்துடன் பயணம் செய்யும் சட்ட அமுலாக்க உத்தியோகத்தர், ஏறுவதற்கு முந்திய எட்டு மணி நேரத்துக்குள் மது அருந்தியிருக்கக் கூடாது. இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட முறையின் பலம் எதிராளியின் ஐயத்தில்தான் தங்கியிருக்கிறது. 2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்காவிடம் இருந்த இத்தகைய காவலர் வெறும் 33 பேர். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் அவர்களில் ஒருவரும் இருக்கவில்லை. ஐயம் பலிக்க வேண்டுமானால் அதன் பின்னால் போதிய ஆட்பலம் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்கா 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் விருப்பமுள்ள விமானிகளுக்குப் பயிற்சியளித்துக் கைத்துப்பாக்கி வழங்கத் தொடங்கியது. 2008 மார்ச்சில் சார்லட் நகரில் இறங்க அணுகிக்கொண்டிருந்த ஒரு பயணிகள் விமானத்தின் விமானி அறையில் அத்தகைய துப்பாக்கி தவறுதலாக வெடித்து, குண்டு விமானத்தின் பக்கச் சுவரைத் துளைத்தது. எவரும் காயமடையவில்லை. ஆயினும், விமானத்தை இறக்கும் கை துப்பாக்கியையும் கையாள வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே எனக்குப் போதுமான காரணம்.

நான்காவது வழி, பறக்கும் விமானத்துள் துப்பாக்கியே வேண்டாம் என்பது. 2003 டிசெம்பர் இறுதியில், குறிப்பிட்ட சில சேவைகளில் ஆயுதக் காவலரை ஏற்றுமாறு அமெரிக்கா வெளிநாட்டு நிறுவனங்களைக் கேட்டபோது, பிரித்தானிய விமானிகளின் சங்கம் அதை எதிர்த்தது. ஒரு சேவை ஆபத்தானது என்று நம்பத் தகுந்த தகவல் இருந்தால் அதைப் பறக்கவிடாமல் நிறுத்துவதே முறை என்பது எதிர்த்தவர்களின் வாதம். இவ்வழியினர் நம்பியிருப்பது தரையில் நடக்கும் சோதனையையும், 2003 நவம்பர் முதல் பெரிய பயணிகள் விமானங்களுக்குச் சர்வதேச அளவில் கட்டாயமாக்கப்பட்ட வலுவூட்டிய விமானி அறைக் கதவையுமே. கதவுக்கும் ஒரு விலை உண்டு. 2015 மார்ச்சில் ஜேர்மன்விங்ஸ் துணை விமானி உள்ளிருந்து கதவைப் பூட்டி விமானத்தை மலையில் மோதினார். 150 பேர் இறந்தனர். எனினும் கடத்தல்காரரை விமானி அறைக்கு வெளியே நிறுத்துவதில் காவலரைவிடக் கதவே நம்பகமானது, ஏனெனில் அது பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

துப்பாக்கி இருந்தும் கைகொடுக்காத நிகழ்வுகளை இவ்விடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1985 நவம்பரில் ஏதென்ஸிலிருந்து கெய்ரோ நோக்கிப் பறந்த எகிப்து எயார் விமானத்தில் இருந்த காவலர் ஒரு கடத்தல்காரரைச் சுட்டுக் கொன்றார். அந்த மோதலில் தாமும் காயமடைந்து வீழ்ந்தார். விமானத்தின் உடல் துளைக்கப்பட்டு உள்ளழுத்தம் குறைந்ததால் விமானி தாழப் பறந்து மோல்ட்டாவில் இறக்க நேர்ந்தது. கடத்தல் அதனால் முடியவில்லை. பின்னர் நடந்த அதிரடிப்படைத் தாக்குதலுடன் சேர்த்து ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். 1986 டிசெம்பர் 25ஆம் திகதி பக்தாத்திலிருந்து அம்மான் சென்ற ஈராக்கிய விமானத்தில் காவலர்கள் கடத்தல்காரரைத் தடுக்க முயன்றபோது கைக்குண்டுகள் வெடித்தன. விமானம் சவூதி அரேபியாவில் வீழ்ந்து, 106 பேரில் 63 பேர் உயிரிழந்தனர். காவலர் எவரும் கடமையில் தவறவில்லை. ஓடி ஒளிய இடமில்லாத ஒடுங்கிய குழாய் போன்ற அறைக்குள், இரு வரிசைகளுக்கு நடுவே, குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயின் தோளுக்கு மேலாகத் துப்பாக்கிச் சண்டை நடந்தால் விளைவை எவராலும் கட்டுப்படுத்த முடியாது.

எனவே எத்தனை துப்பாக்கிகள் என்பதைவிட, எப்போது எடுக்கலாம், எடுத்தவர் யாருக்குப் பொறுப்புக் கூற வேண்டும் என்பதே முதன்மையான கேள்வி. 1963ஆம் ஆண்டின் டோக்கியோ சமவாயம் விமானத்துள் ஒழுங்கு காக்கும் அதிகாரத்தைத் தலைமை விமானியிடம் வைத்தது. ஆயுதக் காவலர் என்ற ஒருவரைப் பற்றி அது பேசவில்லை. 2014இல் மொன்றியலில் ஏற்கப்பட்டு 2020 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தம் இக்குறையை நிரப்புகிறது. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தின்படி ஏற்றப்பட்ட காவலர், விமானத்தையும் பயணிகளையும் உடனடியாகக் காக்க வேண்டிய நிலையில், தலைமை விமானியின் அனுமதியின்றியே நியாயமான நடவடிக்கை எடுக்கலாம். அதே திருத்தம், இத்தகைய காவலரை ஏற்றவோ பிற நாட்டுக் காவலரை ஏற்கவோ எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. திருத்தம் பெருமளவு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் உரத்துக் கத்தும் குடிகாரப் பயணியையும் விமானத்தைக் கைப்பற்ற வருபவரையும் ஒரே தட்டில் வைக்காதிருக்கும் பொறுப்பை, இரு நாடுகளும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் வாசகமே சுமக்க வேண்டியிருக்கிறது.

இலங்கைக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 1982 ஜூன் 30ஆம் திகதி, டெல்லியிலிருந்து டோக்கியோ சென்ற அலிட்டாலியா விமானத்தை இலங்கையர் ஒருவர் குண்டு இருப்பதாக மிரட்டிப் பாங்கொக்கில் நிறுத்தினார், கேட்டதைப் பெற்றுக்கொண்டு பயணிகளை விடுவித்தார், நாடு திரும்பினார். அவரைத் தண்டிக்க அப்போது இங்கே தகுந்த சட்டம் இருக்கவில்லை. அதன்பின்னரே 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க விமானங்களுக்கெதிரான குற்றங்கள் சட்டம், பின்னோக்கிய வலுவுடன் இயற்றப்பட்டது. குண்டு எங்கே, கூட்டாளி யார் என்று தெரியாத நிலையில் ஆயுதக் காவலர் ஒருவர் எழுந்து நின்றிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கக் கூடும். பயணிகள் உயிருடன் இறங்கினார்கள், குற்றவாளியைச் சட்டம் பிறகு பிடித்தது.

திருகோணமலையின் சீனன்குடா விமான நிலையத்தில் வந்திறங்கும் சிறு விமானங்களுக்கு இந்த விவாதத்தின் பெரும்பகுதி பொருந்தாது. வலுவூட்டிய கதவு, 45,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையோ 60க்கு மேற்பட்ட ஆசனங்களோ உள்ள விமானங்களுக்கே கட்டாயம். பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் விமானத்தில் விமானியின் தோள் பயணியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்; அங்கே காவலருக்கு மறைந்திருக்க இடமே இல்லை. ஏறுமுன் நடக்கும் சோதனையே அங்கு முழுப் பாதுகாப்பு. பல்லாண்டுகள் சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்த எங்கள் ஊராருக்கு அந்தச் சோதனையின் அலுப்பு நன்றாகத் தெரியும். மரியாதையுடன் நடத்தப்படுமானால் அதையே நான் துப்பாக்கிக்கு முன் தெரிவு செய்வேன்.

பெரிய சேவைகளில் நான்காவது வழியே இலங்கைக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அச்சுறுத்தல் எழும் பாதையில் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு, இரு நாட்டு ஒப்பந்தத்தின் பேரில் இரண்டாவது வழியைச் சேர்க்கலாம். அத்தகைய ஒப்பந்தத்தில் காவலரின் ஆசனமும் பயண நாளும் இரகசியமாக இருப்பது நியாயம். காவலர் எந்தக் கட்டத்தில் துப்பாக்கியைத் தொடலாம், பிடிபட்டவர் எந்த நாட்டின் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்படுவார் என்பன பகிரங்கமாக எழுதப்பட வேண்டும். 2014ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டத்துக்கமைய நடந்த காவலரை வழக்கிலிருந்து காக்கிறது. ஆகவே, தவறிப் பாய்ந்த குண்டில் காயமடையும் மூதூர்ப் பெண் ஒருவர் இழப்பீட்டுக்காகக் காவலரின் அரசாங்கத்தையா, விமான நிறுவனத்தையா நாட வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தம் பெயர் குறித்துச் சொல்லியாக வேண்டும்.